பழைய கேமிங் பிசி: கார்டு மட்டும் மாற்றலாமா, மொத்தமாக மாற்றலாமா?

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். ஏழெட்டு வருஷம் ஆன கேமிங் பிசி வீட்டில் இருக்கிறது, கையில் ஒரு நாற்பதாயிரம் இருக்கிறது. என்ன பண்ணலாம்?

யாரைக் கேட்டாலும் "கிராபிக்ஸ் கார்டை மாத்துப்பா, போதும்" என்பார்கள். நான் முதலில் மதர்போர்டு என்னன்னுதான் கேட்பேன். காரணம் இருக்கு. 2017-ல் பிசி வாங்கிய இரண்டு பேரை எடுத்துக்குங்க. ஒருத்தரிடம் இன்டெல் ஐ5 7400, பி250 போர்டு. இன்னொருத்தரிடம் ஏஎம்டி ரைசன் 5 1600, பி350 போர்டு. வயசு ஒண்ணுதான். ஆனால் இன்டெல்காரரின் போர்டில் ஏழாம் தலைமுறை ஐ7-க்கு மேல் எதுவும் போகாது. அதே வருஷம் வந்த எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் பேர் 1151-தான், ஆனாலும் பழைய போர்டில் வேலை செய்யாது. ஏஎம்டிகாரரோ பயாஸ் அப்டேட் பண்ணினால், பெரும்பாலான பி350 போர்டுகளில் ரைசன் 5 5600 வரைக்கும், ஏன், 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி வரைக்கும் போகலாம். அவருக்கு பிராசசர் மட்டும் மாற்றினால் போதும்.

என் சித்தி பையனுக்கு இந்த முதல் கேஸ். கோயம்புத்தூரில் இருக்கான், முதல் வேலை, எட்டு மாசம் சேர்த்த பணம் நாற்பதாயிரம். ஐ5 7400, ஜிடிஎக்ஸ் 1060, 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. சித்தி ஒரே பேச்சில் முடிச்சுட்டாங்க: "அந்த டப்பாவைப் போட்டுட்டு ஒரு லேப்டாப் வாங்கச் சொல்லுப்பா." அவன் செகண்ட் ஹேண்டில் ஐ7 7700 தேடிக்கிட்டு இருந்தான். வேண்டாம்டான்னு சொன்னேன். அந்த போர்டு வெச்சிருக்கிற எல்லாருக்கும் அதுதான் கடைசி படி, அதனாலேயே பழைய ஐ7-க்கு இன்னும் தகுதிக்கு மீறின விலை. அதை வாங்கினாலும் விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் லிஸ்டில் அது கிடையாது. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கூடுதல் செக்யூரிட்டி அப்டேட்டுக்குப் பதிவு செய்தாலும் 2026 அக்டோபர் வரைதான். அந்த பிசியில்தான் அவன் பேங்க் வேலையும் பார்க்கிறான், கேம் மட்டும் இல்லை.

சரி, கார்டா பிராசசரா, எது இழுக்குது? இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்க. அப்புறம் ரெசல்யூஷனை 1080-ல் இருந்து 720-க்கு இறக்குங்க. எஃப்பிஎஸ் நல்லா ஏறினால், திணறியது கார்டு. ஏறவே இல்லைன்னா கார்டு சும்மா காத்திருக்கு, பிராசசர்தான் மூச்சு வாங்குது. இதைச் செய்வதற்கு முன்னால் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றிவிடுங்க. ஏப்ரல், மே வெயிலில் பாதிப் பிரச்சினை சூடுதான்.

தம்பி ஆடுவது கவுன்டர் ஸ்ட்ரைக் 2, வாலரன்ட். ரெண்டுமே பிராசசரை நம்பி ஓடுகிற கேம்கள். டெஸ்ட் பண்ணினோம். பிராசசர் நூறு சதவீதத்தில் முட்டிக்கிட்டு நிக்குது, கார்டு அறுபதைத் தாண்டவில்லை. இதில் நாற்பதாயிரத்துக்குக் கார்டு வாங்கிப் போட்டிருந்தால் அதுவும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

அதுக்காக 1060 நல்லா இருக்குன்னு சொல்லவில்லை. 10 வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025-ஓடு நிறுத்திவிட்டது. டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி கேம்கள் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. அந்த மாதிரி கேம்தான் உங்க உயிர் என்றால் கணக்கே வேற, கார்டு முதலில் வரும். அப்பவும் பழைய போர்டில் சில சிக்கல் உண்டு. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாம் எட்டு லேன் கார்டுகள், பிசிஐஇ 3.0 போர்டில் கொஞ்சம் வேகம் குறையும். இன்டெல் ஆர்க் கார்டு விலை ஆசை காட்டும், ஆனால் ரீசைசபிள் பார் இல்லாத போர்டில் அது நொண்டும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் பற்றி நான் எதுவும் சொல்லப் போறதில்லை. மாத்திருங்க, அவ்வளவுதான்.

இனி மெயின் மேட்டர், ரேம். வழக்கமாக நான் ஏஎம்5 போர்டுக்குப் போங்கன்னுதான் சொல்வேன். ஆனால் அதுக்கு டிடிஆர்5 மட்டுமே போகும். 2025 கடைசியில் இருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எகிறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் நாம எல்லாம் வாங்கிய குரூஷியல் ரேம் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் தம்பியிடம் இருக்கும் 16 ஜிபி டிடிஆர்4 ஒரு சொத்து. அது ஏஎம்4 போர்டில் அப்படியே உட்காரும். இன்டெல் 12-ஆம் தலைமுறையிலும் டிடிஆர்4 போர்டுகள் உண்டு, அதுவும் சரிதான். அவனுடைய ரேம் 2400 வேகம், ரைசனுக்கு 3200 இருந்தால் இன்னும் நல்லது. கொஞ்சம் எஃப்பிஎஸ் போகும். போகட்டும்.

"அண்ணா, ஏஎம்4-உம் முடிஞ்சு போன ரூட்தானே?"ன்னு கேட்டான். ஆமா, முடிஞ்ச ரூட்தான். ஆனால் 5600 ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். அவனிடம் இருந்தது நாலு கோர், நாலு த்ரெட். விண்டோஸ் 11 தடையில்லாமல் ஏறும். அதில் வாலரன்ட் கேட்கிற டிபிஎம், செக்யூர் பூட் எல்லாம் இருக்கும். இன்னும் நாலைந்து வருஷம் அவனுக்கு இது போதும் என்பது என் கணிப்பு.

கடைசியில் பி550 போர்டு, ரைசன் 5 5600, ஒரு நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினான். ரேம், எஸ்எஸ்டி, கேபினெட், 1060 எல்லாம் பழசு. பாதிப் பணத்துக்கு மேல் கையில் மிச்சம். பழைய போர்டையும் பிராசசரையும் சேர்த்து விற்கச் சொல்லியிருக்கேன், தனித்தனியாகப் போட்டால் போர்டு போகாது. அடுத்து கார்டு. எட்டு லேன் கார்டாக இருந்தாலும் இந்த போர்டில் பிசிஐஇ 4.0 இருப்பதால் கவலையில்லை. அதை தீபாவளி சேலில் பார்க்கலாம்னு சொல்லியிருக்கான். அதுவரைக்கும் பொறுப்பானான்னு தெரியலை.

சித்தி மட்டும் இன்னும் லேப்டாப் வாங்கியிருக்கலாம்னுதான் சொல்றாங்க. கேமிங் லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்கிற சண்டையை அடுத்த எபிசோடில் வெச்சுக்குவோம்.