நடுக்கத்துக்கு முன்பே தொடங்கும் கணக்கு



"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்?" பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் கேட்கும் கேள்வி இது. ஆனால் கை நடுங்கத் தொடங்கும்போதே அசைவுகளைக் கட்டுப்படுத்த உதவும் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதியில், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் 60 முதல் 80 விழுக்காடு வரை குறைந்திருக்கும் என்பது பொதுவான கணிப்பு. இவ்வளவு இழப்பை மூளை எப்படி வெளியே தெரியாமல் சமாளித்தது?

டோபமைன் உருவாவது டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து. பருப்பிலும் முட்டையிலும் இருப்பதுதான். நரம்பு நுனியில் ஒரு நொதி அதை எல்-டோபாவாக மாற்றும். இன்னொரு நொதி அதை டோபமைனாக்கும். அது நுண்ணிய பைகளில் காத்திருந்து, கட்டளை வந்ததும் வெளியே கொட்டும். வேலை முடிந்ததும் பெரும்பகுதியை அதே நுனி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு படிக்கும் ஒரு வேகம் உண்டு. அந்த வேகங்களைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓடவிட்டால், எந்தப் படி கெட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். அமெரிக்காவில் கணிதவியலாளர்கள் மைக்கேல் ரீட், ஜேனட் பெஸ்ட் இருவரும் உயிரியலாளர் ஃபிரெட் நைஹவுட்டும் சேர்ந்து 2009-இல் அப்படியொரு மாதிரியை வெளியிட்டார்கள்.

ஒரு தொட்டியில் பல குழாய்கள் நீர் விடுகின்றன. அதே எண்ணிக்கையில் துளைகள் நீரை வெளியேற்றுகின்றன. ஒரு குழாய் அடைபடும்போதெல்லாம் ஒரு துளையும் சேர்ந்தே அடைபட்டால் நீர்மட்டம் இறங்காது அல்லவா? நரம்பு நுனியும் அப்படித்தான். கொட்டுவதும் அதுவே, உறிஞ்சுவதும் அதுவே. நுனிகள் அழிய அழிய இரண்டும் சேர்ந்தே குறைவதால், மொத்த இருப்பு குறைந்தாலும் நுனிகளுக்கு வெளியே இருக்கும் டோபமைன் அளவு வெகுகாலம் மாறுவதில்லை. எலிகளில் செய்த சோதனைகளும் இதையே காட்டின. ஆனால் டோபமைன் சிறிதளவு வேறு வழிகளிலும் கரைந்து போகிறது. எஞ்சிய நுனிகள் மிகச் சிலவாகும்போது அந்தச் சிறு கசிவே பெரிதாகிவிடுகிறது. அளவு சடசடவென்று சரிகிறது. அப்போதுதான் நடுக்கமும் விறைப்பும் தலைகாட்டுகின்றன. இத்தனை காலமும் அந்த மூளை தாங்கியிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பைவிட மரியாதைதான் மிகுகிறது.

நரம்பணுக்கள் ஏன் சாகின்றன என்பதற்கு இந்த மாதிரியில் விடை இல்லை. ஆல்ஃபா-சைனூக்ளின் புரதம் திரள்வதும், செல்லின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியா பழுதாவதும் தனிச் சமன்பாடுகள் கேட்கும் விஷயங்கள்.

ஆனால் பார்க்கின்சனுக்குத் தரப்படும் லெவோடோபா, அதாவது எல்-டோபா, மாத்திரை பற்றி அதே குழுவினர் கணக்கிட்டது வீட்டில் பராமரிப்பவர்கள் அறிய வேண்டியது. தொடக்கத்தில், எஞ்சிய நுனிகள் மாத்திரையிலிருந்து வரும் டோபமைனைச் சேமித்து நிதானமாக வெளியிடும். அவை மிகவும் குறைந்தபின், செரட்டோனின் என்ற வேறொரு செய்திகடத்தியை உருவாக்கும் நரம்பணுக்களும் மருந்தை டோபமைனாக்கிக் கொட்டத் தொடங்கும். அளவறிந்து நிறுத்தும் அமைப்பு அவற்றில் இல்லை. அளவு விறுவிறுவென ஏறும், விரைவிலேயே இறங்கிவிடும். முன்பு பல மணி நேரம் தாங்கிய மாத்திரை இப்போது சீக்கிரமே வலுவிழப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் நோயாளியைத் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, விறைப்பு திரும்பியது எப்போது என்று எழுதி வையுங்கள். புரத உணவு லெவோடோபா உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடும் என்பதால் சாப்பாட்டு நேரமும் முக்கியம். அந்தக் குறிப்பைப் பார்த்து, மருந்தின் அளவையும் இடைவெளியையும் மருத்துவர் மாற்றியமைப்பார்.