மூன்றாம் நாடா

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையையும் தறியையும் இணைத்துப் பேசுமாறு செயலாளர் பணித்தார். காஞ்சியில் இலக்கியம் பேச எழும் எவரும், நூல் என்னும் சொல்லுக்குள்ள இரு பொருளையும் காட்டிச் சிலேடை செய்யாமல் அமர்வதில்லை. இம்மேடையிலேயே அச்சிலேடையைப் பலமுறை கேட்டாயிற்று. அடியேனும் ஒருமுறை செய்திருக்கிறேன். ஆகவே இன்று அதனை விடுத்து, ஒரே தறியில் அமரும் இருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒருவர் பெயரை ஊர் அறியும். மற்றவர் பெயரை அவர் வீட்டார் மட்டுமே அறிவர்.

கடல் கடந்த ஒரு விளையாட்டிலிருந்து தொடங்குவதற்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நம் பிள்ளைகள் ஆடும் கால்பந்து அன்று. இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. பக்கத்துக்குப் பதினொருவர். பந்தைப் பெற்று, அதனை எவரிடம் எறிவது என்று நொடியில் முடிவு செய்பவரைக் குவார்ட்டர்பேக் என்பர். புகழும் படமும் பெரும் ஊதியமும் அவருக்கே. அவருக்கு முன்னே ஐவர் வரிசையாகக் குனிந்து நிற்பர். எதிரணியார் பாய்ந்து வந்து அவரை வீழ்த்தாதபடி இரண்டு மூன்று நொடி தடுத்து நிற்பதே அவ்வைவரின் வேலை. பொதுவாக அவர்களுக்குப் பந்தை எறிவதை ஆட்ட விதியே தடுக்கிறது. ஆட்டம் முழுதும் முட்டி மோதிவிட்டு, பந்தின் கதையில் பெயரில்லாமல் வீடு திரும்புவர்.

1985ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மன் என்னும் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்கை நியூயார்க் அணியின் லாரன்ஸ் டெய்லர் வீழ்த்தினார். தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. அதன்பின் அவர் களம் இறங்கவேயில்லை. வலக்கையால் எறிபவருக்கு இடப்பக்கம் முதுகுப்புறமாகி விடுகிறது; அங்கிருந்து வருபவரை அவர் காண முடியாது. அப்பக்கத்தில் நிற்கும் காவலரே அவருக்குக் கண். பின்வந்த ஆண்டுகளில் அணிகள் அக்காவலருக்கு மிக உயர்ந்த ஊதியம் கொடுக்கலாயின. காணாத பக்கத்தைக் காப்பவர் இன்னார் என்று அந்நாடு கணக்கில் எழுதிக் கொண்டது.

எனக்கு அவ்விளையாட்டில் தனி ஈடுபாடு ஏதுமில்லை. ஆயினும் இச்செய்தியைப் படித்த இரவு உறக்கம் வரவில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் குழித்தறியும், அதன் மறு ஓரத்தில் அமர்ந்திருந்த ஒருவரும் கண்முன் வந்து நின்றனர்.

கோர்வைச் சேலையை அறியாதவர் இந்த அவையில் இல்லை. எனினும் உடுத்துவதும் விற்பதும் வேறு, நெய்வது வேறு. ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று சேலை அமைய வேண்டுமாயின் பாவும் மூன்று பிரிவாக அமைய வேண்டும்: நடுவில் உடல், இருபுறமும் கரை. ஊடை இழையும் அவ்வாறே மூன்று. உடலுக்குரிய நாடா உடலின் எல்லையோடு நின்று திரும்ப வேண்டும். கரைக்குள் புகுந்தால் நிறம் கலங்கி விடும். கரைக்குரிய நாடா தன் கரையளவில் போய் மீள வேண்டும். எல்லையில் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று கோத்துக் கொண்டு திரும்புகின்றன. அந்தக் கோப்பே கோர்வை. சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று நம் ஊர்ப் பட்டுக்குள்ள பெயர் இந்தக் கோப்பினால் வந்தது.

ஒருவருக்கு இருப்பவை இரண்டே கைகள். நெய்பவர் தம் பக்கத்துக் கரை நாடாவையும் உடல் நாடாவையும் பார்த்துக் கொள்வார். மறு ஓரத்தில் வந்து சேரும் உடல் நாடாவை வாங்கி, அப்பக்கத்துக் கரை இழையோடு கோத்து, திருப்பி அனுப்ப இன்னொருவர் வேண்டும். மூன்றாம் நாடா அவர் கையில். அவர் இழுப்பு சிறிது கூடினால் கரையோரம் சுருங்கும்; சிறிது தளர்ந்தால் கோர்வையில் கண் விழும். நெய்பவர் எத்துணைத் தேர்ந்தவராயினும், அவர் வேகம் மறு ஓரத்துக் கையின் வேகமே. தாழம்பூ ரேக்கும் மயில்கண்ணும் ருத்திராட்சமும் எவ்வளவு அழகாக விழுந்தாலும், கோர்வை கோணினால் சேலை இரண்டாந்தரம்.

தறியைச் சுற்றி வேறு பலரும் உண்டு. பட்டை முறுக்குபவர், சாயம் ஏற்றுபவர், தார் சுற்றும் மூதாட்டி, விடியலில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி இடுபவர், தீர்ந்த பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பவர், ஜக்கார்டுக்கு அட்டை குத்துபவர். அவர்களுக்குத் தொழிற்பெயர் உண்டு, தனிக் கூலியும் உண்டு. மூன்றாம் நாடாவுக்குரியவரை எங்கள் தெருவில் ‘கோர்வைக்கு ஆள்’ என்பார்கள். ‘ஆளு வந்துட்டுதா?’ என்று கேட்பார்கள். ஆள் என்பது பெயரன்று.

இயந்திரம் இவ்விடத்தை நிரப்பாதா என்று இளைஞர் சிலர் கேட்பதுண்டு. பிரான்சு நாட்டு லியோன் நகரும் காஞ்சியைப் போலப் பட்டு நகரே. அங்கே பூவேலைத் தறிகளில் பாவின் கயிறுகளை இழுத்துக் கொடுக்கச் சிறுவர்களை வைத்திருந்தனர். 1804ஆம் ஆண்டையொட்டி ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் கருவியை அமைத்த பின், அச்சிறுவர் வேலை அட்டைக்குப் போயிற்று. அந்தக் கருவி நம் ஊருக்கும் வந்து, பழைய அடை கட்டும் முறையைப் பெரிதும் விலக்கிற்று. அதைத் தூக்க மின்மோட்டாரும் வந்தது. ஆனால் ஜக்கார்டு பாவு இழைகளை மேலே தூக்கும் கருவி. ஓரத்தில் இரண்டு ஊடை இழைகளைக் கோத்துத் திருப்புவது அதன் வேலையன்று. கோர்வைக்கு ஆள் தேவை நீங்கவில்லை.

இனிச் சொல்லப் போவதை மேடையில் சொல்ல வேண்டுமா என்று பலநாள் தயங்கினேன்.

என் தமக்கையார் என்னைவிட நான்கு ஆண்டு மூத்தவர். ஐந்தாம் வகுப்போடு அவர் பள்ளி நின்றது. வறுமை காரணம் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்து விடலாம். உண்மைக் காரணம் இன்னும் சிறியது. தந்தையாரின் தறிக்கு வந்து கொண்டிருந்த ஆள், சற்று அதிக முன்பணம் கிடைத்ததென்று வேறு தறிக்குப் போய்விட்டார். மறுநாள் காலை அந்த இடத்தில் அக்கா உட்கார்ந்தார். ‘இந்தச் சேலை முடியட்டும்’ என்றார் தந்தையார். அந்தச் சேலை முடிந்தது. அடுத்த பாவு ஏறிற்று. திருமணமாகிப் போகும் வரை அக்கா அவ்விடத்திலேயே இருந்தார். நான் பள்ளிக்குப் போனேன். மாலையில் வந்து உரத்த குரலில் செய்யுள் மனப்பாடம் செய்வேன். நாடா வாங்கிக் கொண்டே அக்கா கேட்டுக் கொண்டிருப்பார். நான் தடுமாறும் இடத்தில் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். எனக்கு யாப்பு வந்ததில் அவர் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை கணக்கிட்டதில்லை.

ஒருநாள் தந்தையாரோடு சேலையைக் கொடுத்துவர நானும் போயிருந்தேன். சேலையை விரித்துப் பார்த்த பெரியவர் கரையோரம் விரலை ஓட்டி, ‘கோர்வை கோடு போட்ட மாதிரி இருக்குதய்யா, கை சுத்தம்’ என்றார். தந்தையார் முகம் மலர்ந்தது. பாராட்டை வாங்கிக் கொண்டார். ‘அது என் மகள் கை’ என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. கூலி ஏட்டில் தந்தையார் பெயர் இருந்தது. சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று நெய்பவர் பெயரில் கூலி எழுதுவது வழக்கம். ஆளுக்கு உரியதை அவர் அதிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆள் வீட்டுப் பெண்ணாயின் பிரிக்கவும் வேண்டியதில்லை. பிரிக்காத அப்பணத்தில் என் கல்லூரிக் கட்டணமும் இருந்தது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமாயின் இங்கே எடுத்திருக்க மாட்டேன். நம் ஊர்த் தறிகளில் மூன்றாம் நாடாவைத் தள்ளியவர் பெரும்பாலும் சிறுவரும் பெண்டிரும். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறிக்குக் கட்டுண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குழந்தைகளை அமர்த்தக் கூடாத வேலைகளில் துணி நெசவையும் சேர்த்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடக்கும் வேலைக்கு விலக்கும் அளித்தது. அந்த விலக்கின் வழியே என் தமக்கை போன்றோர் ஏட்டுக்கு வெளியிலேயே நின்றனர். எனினும் பிறகு பள்ளிகளும் இயக்கங்களும் அதிகாரிகளும் முயன்று, பெருந்தொகையான பிள்ளைகளைத் தறியிலிருந்து விடுவித்தனர். அதன் பின்னர்க் கோர்வைத் தறிகள் குறைந்தன. கரை முதல் கரை வரை ஒரே நாடா ஓடும் சேலைகள் பெருகின.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதால் கோர்வை அழிந்தது என்று வருந்தும் பெரியோர் நம்மிடையே உண்டு. அவர்கள்பால் மதிப்பு உண்டு; கருத்தில் உடன்பாடில்லை. பிள்ளைகள் எழுந்து போனதும் அந்த இடத்தில் வளர்ந்த ஒருவரை, வளர்ந்தவருக்குரிய கூலியோடு, அமர்த்தியிருக்க வேண்டும். அதற்கு முதலில் அப்படியோர் இடம் உண்டென்று கணக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். சேலையின் விலையில் பட்டுக்கு ஒரு தொகை, சரிகைக்கு ஒரு தொகை, நெய்பவருக்கு ஒரு தொகை. மூன்றாம் நாடாவுக்கு எந்த வரியும் இல்லை. 2005ஆம் ஆண்டில் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் காக்கப்பட்டது, மகிழ்ச்சி. விருது பெறும் நெசவாளர் படங்களையும் நாளிதழ்களில் காண்கிறோம். அவருக்கு எதிர் ஓரத்தில் இருந்தவர் படத்தை நான் இதுவரை கண்டதில்லை.

நம் ஊர்க் கோயில்கள் இதில் தறியை விட நேர்மையாக நடந்து கொண்டன என்றே சொல்வேன். வைகாசிக் கருடசேவையில் வரதர் வீதி வரும்போது மக்கள் கண்கள் குடைக்கும் கருடனுக்கும் பெருமாளுக்கும் மேல் செல்கின்றன. கீழே தோள் கொடுத்து நடப்பவரை எவர் பார்க்கிறார்? ஆயினும் மரபு அவர்களுக்கு ஸ்ரீபாதந்தாங்கிகள் என்று பெயர் சூட்டியிருக்கிறது. சுமக்கும் தோளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று எவரோ ஒரு காலத்தில் எண்ணியிருக்கிறார்.

கவிஞர் பெருமக்களுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய கதையை நாம் அறிவோம். முதற்சொல்லின் புணர்ச்சிக்கு இலக்கண விதி எங்கே என்று அவையில் ஒருவர் எழுந்து தடுத்தார். கவிஞர் விடை கூற இயலாது நின்றார். பின்னர்ச் சோழ நாட்டிலிருந்து ஒரு புலவர் வீரசோழியத்தைக் கையில் கொண்டு வந்து விதியைக் காட்டினார், அவை அடங்கியது, வந்தவர் மறைந்தார், அவர் முருகனே என்பது மரபு. பக்தியோடு அதனை ஏற்பவரை நான் மறுக்கவில்லை. எனக்குத் தோன்றுவது இது: கவிஞரால் காண முடியாத பக்கத்திலிருந்து தாக்குதல் வந்தது, ஒருவர் குறுக்கே நின்று தடுத்தார், அவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமல் விட்டதை எண்ணி ஊர் நாணியிருக்க வேண்டும். அதனால் அவருக்கு முருகன் பெயரையே கொடுத்து விட்டது.

நம் மலருக்கும் ஒரு விண்ணப்பம். பத்தாண்டுகளில் இங்கே கவிதை படித்தவர் பட்டியல் அச்சாகிறது. மாதந்தோறும் அழைப்பு எழுதியவர், இந்த இடத்தைத் திறந்து வைத்தவர், மெய்ப்புத் திருத்தியவர், கவிதை படிக்கக் கணவரை அனுப்பிவிட்டு அந்த மாலை தறியில் தனியே இருந்தவர் ஆகியோர் பெயரும் அதே எழுத்தளவில் அச்சாக வேண்டும். செயலாளர் இடம் போதாது என்கிறார். என் உரையில் இரண்டு பக்கத்தைக் குறைத்துக் கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அண்மையில் உறவினர் திருமணம் ஒன்றுக்கு அக்காவை அழைத்துப் போயிருந்தேன். மணப்பெண்ணுக்கு ஆசி கூறிவிட்டு, அவர் சேலைக் கரையைத் திருப்பி, உட்புறத்தில் நகத்தால் மெல்ல வருடிப் பார்த்தார்.

‘ரெண்டு பேர் நெய்ததுடா இது’ என்றார்.

யார் நெய்ததென்று தெரியுமா என்று கேட்டேன்.

‘தெரியாது. இந்தப் பக்கம் உட்கார்ந்தவளுக்கு வலது தோள் வலி. நாலு முழத்துக்கு ஒரு தரம் இழுப்பு தளர்ந்து, அப்புறம் சரியாயிருக்கு பார்’ என்று சொல்லி, என் விரலைப் பிடித்து அந்த இடத்தின்மேல் வைத்தார்.