பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ

(இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கான சந்திப்பில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நானும் உங்களைப் போல அகதியாக வந்தனான்தான். வந்த புதிதில் வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்க்க என்ரை மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு அப்போது 10 வயது. மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் எனக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பெற்ற பிள்ளைக்கு முன்னால் எப்படிச் சொல்லுறது? வயிற்றுக்குத்து எண்டு மட்டும் சொல்லச் சொன்னேன். நோவுக்கு மருந்து தந்து அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் மயங்கி விழுந்து, அம்புலன்சில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைத்தியரில் பிழையில்லை. நான் மறைத்ததை அவர் எப்படி அறிவார்?

உங்களுக்கு இது நடக்கக்கூடாது. இங்கிலாந்தில் தஞ்ச வழக்கு நடந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு ஆஸ்பத்திரி வைத்தியம் இலவசம். குடும்ப வைத்தியரைப் பார்க்கவும் காசு இல்லை. பாஸ்போட் இல்லை, விலாசத்துக்கு அத்தாட்சி இல்லை என்ற காரணத்துக்காக உங்களைப் பதிய மறுக்கக்கூடாது. எச்.சி.2 சான்றிதழ் இருந்தால் மருந்து, பல் வைத்தியம், கண் பரிசோதனையும் இலவசம். அதைக் கையோடு கொண்டுபோங்கோ.

மொழிபெயர்ப்பாளருக்கும் நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. இது தயவு இல்லை. உங்கட வருத்தம் விளங்கினால்தான் மற்றவர்களுக்குக் கிடைக்கிற அதே வைத்தியம் உங்களுக்கும் கிடைக்கும்.

எப்படிக் கேட்பது?

நாள் குறிக்கும்போதே "தமிழ் இன்ரர்பிறற்றர், பிளீஸ்" எண்டு சொல்லுங்கோ. தமிழ் எண்டு சொல்ல மறக்காதேங்கோ. சிறீலங்கா எண்டு மட்டும் சொன்னால் சிங்களம் பேசுபவரை ஒழுங்குசெய்துவிடக்கூடும். பெண்கள், பெண் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு கேட்கலாம். சிலவேளை ரெலிபோனிலும் மொழிபெயர்ப்பார்கள்.

"எங்கட சனத்துக்குள்ள கதை பரவிவிடும்" எண்டு பலர் பயப்படுகிறீர்கள். அங்கே கேட்டதை நாங்கள் வெளியில் சொல்லக்கூடாது. வந்தவர் தெரிந்த ஆளாக இருந்தால் வேறொருவரைக் கேளுங்கோ.

விளங்காமல் "யெஸ், யெஸ்" எண்டு தலையாட்டாதேங்கோ. விளங்காத கடுதாசியில் கையெழுத்தும் வைக்காதேங்கோ. திரும்பச் சொல்லச் சொல்லுங்கோ. அடிகாயம், சித்திரவதைத் தழும்பு, நித்திரையில்லாத பயம், எல்லாவற்றையும் சொல்லுங்கோ.

நெஞ்சுநோ, மூச்சுமுட்டு எண்டால் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திராமல் உடனே 999ஐ அழையுங்கோ.

வெட்கத்தாலே வருத்தம் மாறாது. வாய் திறந்து கேளுங்கோ.