எங்கே படுக்கிறோமோ அங்கே கணக்கு

(காக்களூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே!

1881 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை நம் தேசத்தில் ஜனத்தொகைக் கணக்கு தவறியதில்லை. யுத்தம் நடந்த 1941இல்கூட எடுத்தார்கள். 2011இல் 121 கோடிப் பேர். தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். 2021 கணக்கோ கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிப் போடப்பட்டது. 2027 மார்ச் 1 என்று நாள் குறிக்கவே 2025 ஆகிவிட்டது.

இதில் நமக்கென்ன நஷ்டம்? 2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் நூற்றுக்கு 75 பேருக்கும், நகரத்தில் 50 பேருக்கும் தானியம் தரச் சொல்கிறது. சர்க்காரோ 2011 கணக்கை வைத்து 81 கோடிச் சொச்சத்தோடு நிறுத்திக்கொண்டது. பிறகு பெருகிய வயிறுகள் அந்தக் கணக்கில் இல்லை!

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே ஷெட்டில் படுக்கும் தோழர்கள் சொந்த ஊரில் எண்ணிக்கொள்வார்கள் என்று இருந்துவிடக் கூடாது. தங்கியிருக்கும் இடத்தில்தான் எண்ணுவார்கள். வீடற்றவர்களைப் பிப்ரவரி கடைசி இரவில் எண்ணுவது வழக்கம். பயமும் வேண்டாம், 1948ஆம் வருஷத்துச் சட்டப்படி, சொன்ன விவரம் ரகசியம்.

காண்டிராக்டரின் ஆள் "இங்கே யாரும் குடியில்லை" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். ஆகவே ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஹிந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒரு தோழரை இன்றே பொறுக்கி வைப்போம்.