நேரந்தவறாமை எனும் அறம்



எந்நாட்டுத் தொடர்வண்டி சிறந்தது எனும் வினா எழுந்தவுடன், எது விரைந்தோடுகிறது என்றே பலரும் பார்க்கின்றனர். விரைவு வேறு, நேரந்தவறாமை வேறு. காலப்பட்டியல் என்பது பயணியர்க்குத் தரப்படும் உறுதிமொழி. அதனைக் காக்கும் வகையை மூன்று நாடுகளைக் கொண்டு காண்போம்.

முதலில் அளவுகோலை அறிதல் வேண்டும். சுவிட்சர்லாந்தில் மூன்று மணித்துளி பிந்தினாலே அது தவறிய வண்டி. செருமனியிலோ ஆறு மணித்துளிக்குட்பட்ட பிந்துகை பிந்துகையே அன்று; ஓடாமலே நிறுத்தப்பட்ட வண்டியும் அக்கணக்கில் வாராது. அவ்வாறு நெகிழ்ந்த கோலால் அளந்தும், 2024-ஆம் ஆண்டில் செருமனியின் நெடுந்தொலைவு வண்டிகளுள் 62.5 விழுக்காடே நேரத்திற்கு வந்தன. சுவிட்சர்லாந்தில் அவ்வாண்டு ஏறத்தாழ 93 விழுக்காடு. நெடுந்தொலைவு வண்டிக்கு இடர் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் இவ்வேறுபாட்டை அதுமட்டும் விளக்காது.

பொறித்திறத்தில் செருமானியர் எவர்க்கும் இளைத்தவரல்லர். பின் ஏன் இந்நிலை? பழுதுற்ற பாதைகள், அவை தாங்கும் அளவினும் மிகுந்த வண்டிகள், பல்லாண்டு தள்ளிப்போட்ட செப்பனிடும் பணி. சுவிட்சர்லாந்தோ 1982-இல் மணிதோறும் ஒரே ஒழுங்கில் வண்டி விடும் முறையைக் கொண்டது. 1987-இல் அதனை விரிவாக்கும் திட்டத்திற்கு மக்களே ஒப்போலையிட்டு இசைந்தனர். பெருநிலையங்களில் மணி நிறையுமுன் வண்டிகள் வந்து கூடும். பயணியர் மாறியேறியபின் பிரியும். இதற்கெனவே சூரிச்சு–பெர்ன் பயணம் 2004-இல் ஒரு மணி நேரத்திற்குள் அடக்கப்பட்டது. முதலில் பட்டியல், பின்னர் அதற்கேற்ற பாதை! காலமறிதலுக்கு முன்னே வலியறிதலை வைத்த வள்ளுவர் முறையும் இதுவன்றோ?

இனிச் சப்பான். 1964-இல் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே விரைவுத்தொடர் ஓடத் தொடங்கியது. தனிப்பாதை ஆதலின், அங்குப் பிந்துகையை நொடிக்கணக்கில் பேசுகின்றனர். 2017-இல் வேறொரு தடத்தில், ஒரு வண்டி 20 நொடி முந்திப் புறப்பட்டமைக்கே நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. உலகம் வியந்தது.

ஆனால், அந்நாட்டிற்கே மற்றொரு பக்கமும் உண்டு. 2005 ஏப்பிரல் 25 அன்று அமகாசாகியில், ஏறத்தாழ ஒன்றரை மணித்துளி பிந்திய வண்டியொன்று, 70 கிலோமீட்டரே ஏற்ற வளைவில் 116 கிலோமீட்டர் விரைவில் பாய்ந்து தடம்புரண்டது. ஓட்டுநர் உட்பட 107 பேர் மாண்டனர். அவ்வோட்டுநர் அகவை இருபத்து மூன்றே! பிழைசெய்தோரை மறுபயிற்சி எனும் பெயரால் ஒறுத்து இழிவுறுத்தும் வழக்கம் அங்கு இருந்தது. அவ்வச்சம் அவர் கருத்தைச் சிதறச் செய்திருக்கலாம் என 2007-இல் ஆய்வுக்குழு உரைத்தது. வெருவந்த செய்யாமை அரசனுக்கு மட்டுமா? பணிவாங்கும் ஒவ்வொருவர்க்கும் உரியதன்றோ?

ஆதலின், மாணவர்காள், இதனை உளங்கொள்க! நேரந்தவறாமை இருவழியில் வரும். பாதையும் பட்டியலும் ஒத்தமைய, இடைவெளியும் விட்டு, முன்னரே எண்ணிச் செய்தால் வருவது ஒன்று. தொழிலாளியை அச்சுறுத்திப் பெறுவது மற்றொன்று. முன்னது நிலைக்கும். பின்னது ஒருநாள் உயிரைக் கேட்கும். பயணியின் பொழுதை மதிக்கும் நாடு, வண்டி ஓட்டுவோனின் உயிரையும் மதித்தல் வேண்டும். அவ்விரண்டும் கூடிய இடத்திலேயே நேரந்தவறாமை அறமாகும்.