ஸ்டிக்கரில் 20, டேங்கில் 15: ஒரு பிக்கப் டிரக்கின் மைலேஜ் கணக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்தபின் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், ஆறு மாதம் டெக்சாஸில் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், ஏதாவது பேசுங்கள்" என்று நம் செயலாளர் கேட்டார். நான் போட்டோ காட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் பேசப்போவது ஒரு வண்டியின் மைலேஜைப் பற்றி. நம் பிளாக்குகளில் பல வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஒரு நாள் போனில், "அப்பா, பிக்கப் டிரக் வாங்கப் போகிறேன்" என்பார்கள். அன்றைக்கு இந்தப் பேச்சு உங்களுக்கு உதவும்.

நான் அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தவன். அங்கே காலையில் எழுந்ததும் எங்களுக்கு இருந்த ஒரே கவலை கே.எம்.பி.எல்., அதாவது ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது. ஓய்வு பெற்றாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

டல்லாஸ் பக்கம் மகள் வீட்டில் இரண்டு வண்டி. மாப்பிள்ளைக்கு ஒரு முழு அளவு பிக்கப், மகளுக்கு ஒரு சிறிய கார். நான் போய் இறங்கிய வாரமே வீட்டில் ஒரு வாக்குவாதம். பிக்கப்பின் ஸ்டிக்கரில் மைலேஜ் 20 என்று போட்டிருந்தது. மாப்பிள்ளைக்கு 14, 15 தான் கிடைத்தது. "ஏமாத்திட்டாங்க மாமா. வண்டியில ஏதோ கோளாறு" என்றார். சர்வீஸில் இரண்டு முறை காட்டி, பணமும் கட்டி, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதை விற்றுவிட்டு ஹைபிரிட் பிக்கப் வாங்கலாம் என்று அவர் சொல்ல, அதற்குப் பதில் தன் காரை மாற்றி 50 மைலேஜ் தரும் ஹைபிரிட் கார் வாங்கலாம் என்று மகள் சொன்னாள். இரண்டையும் மாற்ற வசதி இல்லை. நான் ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னேன்.

முதலில் எண்களைப் புரிந்துகொள்வோம். அங்கே கணக்கு மைல், கேலன். ஒரு மைல் 1.6 கிலோமீட்டர், ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். அங்கே 20 என்றால் நம் கணக்கில் லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர். 15 என்றால் 6.4. ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா எல்லாம் இந்த வகை வண்டிகள். எடை இரண்டு டன்னுக்கு மேல். முகப்பு நெஞ்சுயரச் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். 2015 எஃப்-150-இல் உடற்பகுதியை அலுமினியத்துக்கு மாற்றி 700 பவுண்டு வரை எடையைக் குறைத்தார்கள் என்றால், எடைக்காக அவர்கள் படும் பாடு புரியும்.

ஸ்டிக்கர் எண் எங்கிருந்து வருகிறது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த முறைப்படி, ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி எடுக்கிறார்கள். நகரச் சோதனையின் சராசரி வேகம் சுமார் 21 மைல். நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி 48 மைல், உச்சம் 60 மைல். டெக்சாஸ் நெடுஞ்சாலையில் 60-இல் போனால் லாரிக்காரரே ஹாரன் அடிப்பார். அதனால்தான் 2008 மாடல்களிலிருந்து 80 மைல் வரை போகும் வேகச் சோதனை, 35 டிகிரி வெயிலில் ஏ.சி. போட்ட சோதனை, மைனஸ் 7 டிகிரி குளிர்ச் சோதனை ஆகிய மூன்றையும் கணக்கில் சேர்த்தார்கள். பிறகு நகருக்கு 55 பங்கு, நெடுஞ்சாலைக்கு 45 பங்கு என்று வைத்து ஒரே எண்ணாக்குகிறார்கள். ஆக, அது பொய் எண் அல்ல. எல்லா வண்டியையும் ஒரே தராசில் நிறுத்திக் காட்டும் எண். உங்கள் வீட்டுப் பயணத்துக்கு அது தரும் வாக்குறுதியும் அல்ல. உங்கள் ஓட்டம் வேறாக இருக்கலாம் என்று அந்த ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,500 பவுண்டைத் தாண்டும் எஃப்-250, ராம் 2500 போன்ற கனரக பிக்கப்புகளுக்கு மைலேஜ் ஸ்டிக்கரே கட்டாயமில்லை. அதை வாங்குகிறவர் கையில் ஒப்பிட அந்த எண்கூட இருக்காது.

இனி நோட்டு. டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பாதீர்கள். பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். பங்கில் கைப்பிடி தானாக 'க்ளிக்' என்று நிற்கும் வரை நிரப்புங்கள், அதற்கு மேல் ஊற்ற வேண்டாம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பங்கில், மறுபடி க்ளிக் வரை நிரப்புங்கள். ஓடிய மைலை ஊற்றிய கேலனால் வகுங்கள். ஒரு டேங்கை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். நாலைந்து டேங்க் ஆனதும் மொத்த மைலை மொத்த கேலனால் வகுங்கள். ஒவ்வொரு டேங்கின் மைலேஜையும் கூட்டிச் சராசரி எடுத்தால் தப்பு வரும்.

கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் மாட்டிய வண்டி என்றால் இன்னொரு கணக்கு உண்டு. டயர் 3 சதவீதம் பெரிதானால் மீட்டர் சுமார் 3 சதவீதம் குறைவாகக் காட்டும். கிடைக்கிற மைலேஜ்கூடக் கிடைக்கவில்லை என்று தோன்றும்.

மாப்பிள்ளையின் நோட்டு என்ன சொன்னது?

வார நாட்களில் 14. அலுவலகம் 8 மைல், பிறகு பேரனின் பள்ளி, கடை. எல்லாம் துண்டு துண்டான பயணம். எஞ்சினும் கியர் பாக்ஸும் சூடாகி நிதானத்துக்கு வரும்போது இடம் வந்துவிடும். பள்ளி வாசலில் பெற்றோர் வண்டிகள் வரிசையில் நிற்க, இவர் எஞ்சினை அணைக்காமல் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருப்பார். அப்படிச் சும்மா நிற்கும் எஞ்சின், அதன் அளவைப் பொறுத்து, மணிக்கு கால் முதல் அரை கேலன் வரை குடிக்கும். அந்த நேரத்தில் மைலேஜ் பூஜ்யம்.

ஹூஸ்டன் போய்வந்தபோது மணிக்கு 75 மைலில் 20 கிடைத்தது. திரும்பும்போது என் வேண்டுகோளுக்காக 65-இல் வந்தார். 23. ஸ்டிக்கரின் நெடுஞ்சாலை எண்ணும் அதுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 75-இலிருந்து 65-க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு கால் பங்கு குறையும். சுவர் மாதிரி முகப்புள்ள வண்டியில் அந்தக் கால் பங்கு பெரிய தொகை.

அன்றைக்கே வாக்குவாதத்தில் பாதி முடிந்துவிட்டது. வண்டியில் கோளாறு இல்லை. சர்வீஸுக்குக் கட்டிய பணம்தான் வீண்.

ஆனால் நானும் ஒரு இடத்தில் கோட்டை விட்டேன். கோடை விடுமுறைக்கு ஒரு டிரெய்லர் வீட்டை வாடகைக்கு எடுத்து, பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு, அமரில்லோ அருகே உள்ள பாலோ டூரோ பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம். 23 கேலன் டேங்க் நிறைந்திருந்தது. இன்னும் 430 மைல் போகலாம் என்றது டேஷ்போர்டு. அது அதுவரை ஓடிய ஓட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு. பின்னால் ஒரு அறையையே கட்டி இழுக்கப் போகிறோம் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விச்சிட்டா ஃபால்ஸ் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. எதிர்க்காற்று. டிரெய்லரோடு நுழைந்து திரும்பக்கூடிய பங்க் எதுவும் கண்ணில் படவில்லை. ஏ.சி.யை நிறுத்திவிட்டு 55-இல் உருட்டினார் மாப்பிள்ளை. பேரன் வியர்த்து வழிந்து அழுதான். யாரும் யாரோடும் பேசவில்லை. வெர்னன் என்ற ஊரில் போய் நிரப்பினோம். 190 மைலுக்கு 21 கேலன். மைலேஜ் 9.

டிரெய்லர் இழுத்தால் மைலேஜ் பாதியாகும் என்று வைத்துக்கொண்டே வழியில் எங்கெங்கே நிரப்புவது என்று முடிவு செய்யுங்கள். சமதளத்தில் எடையைவிட அதன் உயரமும் அகலமும்தான் அதிகம் இழுக்கும். டர்போ எஞ்சின் என்றால் லேசாக ஓட்டும்போது சிக்கனம், பாரம் ஏற்றினால் அந்தச் சிக்கனம் பறந்துவிடும்.

சின்ன விஷயங்கள் சில. டயர் காற்று ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். 10 குறைந்தால் 2 சதவீதம். சரியான அளவு ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். பின்கதவைத் திறந்து போட்டு ஓட்டினால் காற்று தடையின்றிப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். மூடியிருந்தால்தான் பின்தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் நின்று, மேலே வரும் காற்றைச் சீராகத் தாண்டவிடும். எரிபொருளையும் பாருங்கள். 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ-85 அங்கே விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் அதில் மைலேஜ் 15 முதல் 27 சதவீதம் வரை இறங்கும். விலை அந்த அளவுக்குக் குறைவா என்று பார்த்துப் போடுங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. எந்த வண்டியை மாற்றுவது? மகளின் கார் 30 தந்தது. ஹைபிரிட் கார் 50 தரும். பிக்கப் எல்லாம் சேர்த்து 15 தந்தது. ஹைபிரிட் பிக்கப்பின் ஸ்டிக்கர் 24. ஊருக்குள் அது நன்றாகக் கொடுத்தாலும் டிரெய்லர் இழுத்தால் லாபம் குறையும் என்று 20 வைத்தோம். கேட்டவுடன் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? 30-இலிருந்து 50 பெரிய லாபம், 15-இலிருந்து 20 சின்ன லாபம். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒவ்வொரு வண்டியும் வருடத்துக்கு 12,000 மைல் ஓடுகிறது என்று வைத்துப் பாருங்கள். காருக்கு 30-இல் 400 கேலன், 50-இல் 240 கேலன். மிச்சம் 160. பிக்கப்புக்கு 15-இல் 800 கேலன், 20-இல் 600 கேலன். மிச்சம் 200. சின்னதாகத் தெரிந்ததுதான் பெரியது. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் 'சயன்ஸ்' இதழில் இந்த மயக்கத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். 2013 மாடல் முதல் ஸ்டிக்கரில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்றும் போடுகிறார்கள். பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள். எவ்வளவு ஓடியது என்பதைவிட எவ்வளவு செலவானது என்பதே பர்ஸுக்குத் தெரிந்த கணக்கு.

அப்படியானால் பிக்கப்பை மாற்றிவிட்டார்களா? இல்லை. கேலன் 3 டாலர் என்று வைத்தால் 200 கேலன் 600 டாலர், மாதம் 50 டாலர். மாற்றினால் மாதத் தவணை 300 டாலருக்கு மேல் கூடும். நோட்டில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. மகள் வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். அந்த நாட்களில் கார் சும்மா நிற்கிறது. மாப்பிள்ளையின் ஊர் ஓட்டம் நாளுக்கு 21 மைல், வருடத்தில் 200 நாள் என்றால் 4,200 மைல். பிக்கப்பில் 14 மைலேஜில் 300 கேலன். காரில் ஊருக்குள் 28 கிடைத்தது, 150 கேலன். சாவியை மாற்றிக்கொண்டால் வருடத்துக்கு 150 கேலன், கிட்டத்தட்ட 570 லிட்டர் மிச்சம். கடன் இல்லை, கையெழுத்து இல்லை.

மாப்பிள்ளைக்கு முதலில் மனசில்லை. "மாமா, ஆசைப்பட்டு வாங்கின வண்டி" என்றார். "வாரக் கடைசியில் ஆசை தீர ஓட்டுங்கள்" என்றேன். இப்போது அப்படித்தான் ஓடுகிறது. நோட்டைப் பேரன் எழுதுகிறான். வகுத்தல் கணக்கு நன்றாக வந்துவிட்டதாம்.

உங்கள் பிள்ளைகள் பிக்கப் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இழுக்கவும் சுமக்கவும் வேலை இருந்தால் அது அருமையான வண்டி. வாங்கும் முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தினமும் எத்தனை மைல், எத்தனை துண்டாக? வருடத்தில் எத்தனை நாள் எதையாவது இழுப்பீர்கள்? 100 மைலுக்கு எத்தனை கேலன்? வாங்கிவிட்டார்கள் என்றால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.