குறைமாதப் பிள்ளையும் பெற்றவர்களும்

(பிள்ளைக்காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)

 

இன்றைக்குக் குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். 37 வாரம் முடியும் முன்னே பிறந்தால் அது குறைமாதப் பிள்ளை. உலகத்தில் பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இப்படித்தான் பிறக்கிறது. ஆகவே, இது நம் லயத்துக்கு மட்டும் வந்த சோதனை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. இது சரியில்லை. வயிற்றில் கூட இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலந்தான். எட்டாம் மாதப் பிள்ளைக்கே பிழைக்க வாய்ப்பு அதிகம்.

இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, குளிர் தாங்காது. நுரையீரல் முற்றாததால் மூச்சுவிடச் சிரமம். பால் உறிஞ்சப் பலம் போதாது. நோயும் சீக்கிரம் தொற்றும். சில பிள்ளைகளுக்குக் கண்ணின் உள்திரை பாதிக்கப்படும். அது வெளியில் தெரியாது. காலத்தோடு பார்த்தால்தான் பார்வையைக் காப்பாற்றலாம். அதனால் கண், காது சோதனைக்குத் திகதி கொடுத்தால், "புள்ள நல்லாத்தானே இருக்கு" என்று நின்றுவிடாதீர்கள்.

நம் மலைக்குளிருக்குப் பயந்து பிள்ளையை அடுப்படியில் கிடத்தவும் வேண்டாம். விறகுப் புகை அந்த நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. தாயின் நெஞ்சுச் சூடுதான் நல்ல மருந்து. தொப்பி, காலுறை, நெப்பி மட்டும் போட்டு, தாயின் தோலோடு தோல் படும்படி நெஞ்சில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிக்கொள்வார்கள். இதற்குக் கங்காரு முறை என்று பெயர். 1978 இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி வீட்டிலும் செய்யுங்கள். தாய் களைத்தால் தகப்பனும் பாட்டியும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த காம்பராப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள். மே மாதம் பிறக்க வேண்டிய பிள்ளை மார்ச்சில் பிறந்தால், உட்காருவதற்கும் நடப்பதற்கும் மே மாதத்திலிருந்தே கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை அப்படித்தான். ஆனால் தடுப்பூசிக்குப் பிறந்த திகதிதான் கணக்கு.

இனி, பெற்றவளைப் பற்றி. "நீ கூடை தூக்கிக்கிட்டுத் திரிஞ்சதாலதான் இப்படி ஆச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். பிரஷர், கிருமித் தொற்று, இரட்டைப் பிள்ளை எனக் காரணம் பல இருக்கும். பல நேரம் காரணமே தெரியாது. தாய்மேல் பழி போட்டால் பிள்ளைக்கு ஒரு அவுன்ஸ் கூடப் போவதில்லை. தூக்கமில்லாமல் அழுதுகொண்டு, பிள்ளையைத் தொடவே பயப்படும் தாயை டாக்டரிடம் காட்டுங்கள். அதுவும் சுகமாக்கக்கூடிய வருத்தந்தான். தகப்பன்மாருக்கும் பயம் இருக்கிறது. பஸ் செலவும், விழாமல் போகும் பேரும் கவலைதான். அதைத் தவறணையில் தீர்க்காமல் மனைவியோடு கிளினிக்குக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. மாதம் நிறையாத தாய்க்கு விட்டுவிட்டு வயிற்றுவலி வந்தாலோ, நீர் உடைந்தாலோ, உதிரம் பட்டாலோ விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். நடுச்சாமமானாலும் கதவைத் தட்டி, வாகனம் கேளுங்கள்.